மயில்கழுத்துக்கு எண் என்ன?

2022 நவம்பரில் உலகம் முழுக்கப் பல வடிவமைப்பாளர்கள் தங்களுடைய பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தபோது உள்ளே சில நிறங்கள் கறுத்துப்போயிருந்தன. கோப்பு கெடவில்லை, வைரஸும் இல்லை. அடோபிக்கும் பான்டோனுக்கும் இடையில் இருந்த உரிம ஏற்பாடு மாறிவிட்டது, அவ்வளவுதான். அதுவரை மென்பொருளோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த பான்டோன் நிறப்பட்டியல்களில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. திரும்ப வேண்டுமென்றால் அப்போது மாதம் 15 அமெரிக்க டாலர் கட்டித் தனியாக ஒரு இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டாதவர் பத்து வருடத்துக்கு முன்னால் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்த ஆரஞ்சு, அவர் கோப்பிலேயே அவருக்குக் கறுப்பு.

இதில் என்ன பறிபோனது என்று இலக்கிய வாசகர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிறம் யாருடைய சொத்தும் கிடையாது. அந்த ஆரஞ்சை அதே சிவப்பு, பச்சை, நீல அளவுகளை வைத்து நானும் நீங்களும் இந்த நிமிடமே திரையில் கொண்டுவந்துவிடலாம். பான்டோன் உரிமை கொண்டாடுவது பெயரின் மேல், எண்ணின் மேல், அந்தப் பட்டியலின் மேல். பெயரை எடுத்தார்கள், நிறம் செத்துப்போனது. சொல்லை வைத்துப் பிழைப்பவர்களான நமக்கு இதைவிடப் பெரிய செய்தி அந்த வருடம் வேறு என்ன இருந்தது? எந்தத் தமிழ் இதழிலும் இதைப் பற்றி ஒரு பத்தி என் கண்ணில் படவில்லை. பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டூவர்ட் செம்பிள் கோபப்பட்டு 1,280 நிறங்கள் கொண்ட 'ஃப்ரீடோன்' என்ற பட்டியலை இலவசமாக வெளியிட்டார். நம் பக்கம் முணுமுணுப்புகூட இல்லை. நாம் பெருந்தன்மையானவர்கள் என்பதால் அல்ல. நம் கோப்புகளில் இழப்பதற்கு ஒரு பெயரும் இல்லை என்பதால்.

வரைகலைப் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மாதிரியான வெக்டர் மென்பொருள்களில் ஓரமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் அடுக்கிய ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒரு ஸ்வாட்ச். சொல்லே துணிக்கடைச் சொல்தான். மாதிரிக்கு வெட்டிக் கொடுக்கும் துணித் துண்டு. ஒரு நிறத்தை இரண்டு வழியில் பயன்படுத்தலாம். படத்தில் இருபது இடத்தில் இருபது தடவை எண்களைத் தட்டலாம். அல்லது ஒருமுறை ஸ்வாட்சாக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, இருபது இடத்திலும் அந்தப் பெயரைக் காட்டி நிறம் வாங்கிக்கொள்ளலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு குளோபல் ஸ்வாட்ச் என்று பெயர். சதுரத்தின் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை முக்கோணம் இருக்கும். பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை நாளைக்கு மாற்றினால் இருபது இடமும் ஒன்றாக மாறும். நாவலாசிரியர் ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்றுவதுபோல என்று சொல்லலாம். இல்லை, அதைவிட மேல். நாவலில் தேடித் தேடி மாற்ற வேண்டும், இதில் அது தானாகவே நடக்கும்.

இதில் பெயர் என்பது அலங்காரம் இல்லை. இந்த அமைப்பின் அச்சாணியே அதுதான்.

சரி, நம் வடிவமைப்பாளர்களின் கோப்புகளைத் திறந்து பார்ப்போம். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, இரவில் நண்பர்களின் புத்தகங்களுக்கும் நிகழ்ச்சிச் சுவரொட்டிகளுக்கும் வரைவது. ஏழெட்டு வருடமாக என் பிழைப்பு இப்படி. அதனால் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் செய்யப்பட்ட பல தமிழ் அட்டைக் கோப்புகள் என் கைக்கு வந்திருக்கின்றன. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் அழுகை வரும். 'சி=85 எம்=10 ஒய்=100 கே=10.' மென்பொருள் தானாக வைத்த பெயர். அடுத்தது 'நியூ கலர் ஸ்வாட்ச் 7'. அதற்கடுத்தது 'நியூ கலர் ஸ்வாட்ச் 7 காப்பி'. ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டைக் கோப்பில் நாற்பத்து மூன்று ஸ்வாட்ச்கள் இருந்தன. அட்டையில் கண்ணுக்குத் தெரிவதோ நான்கே நிறம்.

அந்தத் தொகுப்பின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாம் பதிப்புக்காக அது என்னிடம் வந்தது. கவிஞர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, முதல் பதிப்புல இருந்த அரக்கு அப்படியே வரணும்." அவர் அம்மாவின் புடவை நிறம் அது; தொகுப்பின் மூன்று கவிதைகளில் அந்தப் புடவை வருகிறது. கோப்பில் அரக்கு என்று எதுவும் இல்லை. ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி ஐந்து சிவப்பு இருந்தது. ஐந்துக்கும் எண்தான் பெயர். முன்பு வரைந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அச்சகத்தில் கேட்டால், "மரூன்தானே? போட்டுக்கலாம்" என்றார்கள். மரூன் வேறு, அரக்கு வேறு என்று நான் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. மரூன் என்பது ஐரோப்பியர்கள் கஷ்கொட்டைக் கொட்டையைப் பார்த்து வைத்த பெயர். அரக்கு ஒரு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினின் பெயர். அதிலிருந்து சாயமும் எடுத்தார்கள், முத்திரையும் வைத்தார்கள். ஒன்று உலர்ந்தது, இன்னொன்றில் உள்ளுக்குள் ஒரு ஈரம் இருக்கும். இரண்டாம் பதிப்பு மரூனில்தான் வந்தது. கவிஞர் எதுவும் சொல்லவில்லை.

"தமிழில் நிறச்சொற்கள் குறைவு, அதனால்தான் ஆங்கிலம் தேவைப்படுகிறது" என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். 1969இல் பிரெண்ட் பெர்லினும் பால் கேயும் எழுதிய ஆதார நிறச்சொற்கள் பற்றிய நூலைக்கூடச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். மன்செல் நிறச் சில்லுகளைக் காட்டிப் பல மொழிக்காரர்களைக் கேட்டு, மொழிகள் இரண்டு நிறச்சொல்லில் தொடங்கிப் பதினொன்று வரை படிப்படியாக ஏறுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். பதினொன்றில் நிற்பவற்றில் ஆங்கிலம் ஒன்று என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுடைய நிபந்தனைகள்தான் சுவாரஸ்யமானவை. ஒரு பொருளின் பெயராகவும் இருக்கும் சொல்லை ஆதார நிறச்சொல்லாகச் சேர்க்கத் தயங்க வேண்டும். ஆகவே அரக்கு, சாம்பல் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. மயில்கழுத்து கிட்டவே வரக் கூடாது. ஆனால் ஆரஞ்சு உள்ளே வந்துவிட்டது, பழத்தின் பெயராக இருந்தும். அந்தச் சொல்கூட நம் பக்கத்து நாரத்தையோடு உறவுள்ளது, திராவிட மூலத்திலிருந்து கிளம்பி சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போயிருக்கலாம் என்று சொற்பிறப்பு அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பழம் வெளிநாடு போய்ப் பட்டம் வாங்கி வந்த கதை.

தொல்காப்பியத்தின் உரியியலைப் பாருங்கள். கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு முதலில் வெகுளி என்று பொருள் சொல்லிவிட்டு, அவை நிறத்தைக் காட்டவும் உரியவை என்று அடுத்ததாகத்தான் வருகிறது. கோபம் முதலில், நிறம் பிறகு. நம் மொழியில் நிறம் பெரும்பாலும் வினை. வானம் கறுக்கிறது, முகம் சிவக்கிறது, துணி வெளுக்கிறது, இலை பழுக்கிறது, அந்தப் பழுத்தலிலிருந்து பழுப்பு. இது சொல் வறுமை இல்லை. நிறம் அசையாமல் நிற்கும் ஒரு சதுரம் என்று நாம் நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

சொல் வறுமை என்பவரை ஜார்ஜ்டவுனில் பாசார் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் உள்ள ஏதாவது ஒரு புடவைக் கடைக்கு அழைத்துப்போய் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். "அக்கா, இது எலுமிச்ச மஞ்சள். நீங்க கேக்கிறது மாம்பழ மஞ்சள், அது மேல் தட்டுல இருக்கு." கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை. மிளகாய்ப்பழச் சிவப்பு, ரத்தச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, செங்காவி. வெங்காயச் சருகு. வாடாமல்லி. மாந்தளிர். காப்பிப்பொடி. புறாக்கழுத்து. பத்தாவது வரை படித்த அண்ணன் ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களை ஒன்றோடொன்று குழப்பாமல் பெயர் சொல்லி எடுத்துப்போடுகிறார். வாங்க வந்தவருக்கும் அது புரிகிறது. இருவருக்கும் பொதுவான பட்டியல், சந்தா இல்லை. தமிழின் ஆகப்பெரிய ஸ்வாட்ச் நூலகம் அங்கேதான் இருக்கிறது. அதை எந்தக் கலைச்சொல் குழுவும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. குழுக்கள் 'ஸ்வாட்ச்' என்பதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும். வண்ணக்கூறா, வண்ணச்சில்லா என்று மூன்று கூட்டம் நடக்கும். ஸ்வாட்ச் என்றே சொல்லிவிட்டுப் போங்களேன், பாதகமில்லை. அதற்குள்ளே இருக்கும் நிறத்துக்குப் பெயர் வையுங்கள்.

அந்தக் கடைப் பட்டியலில் வரலாறும் இருக்கிறது. எம்.எஸ். ப்ளூ என்றால் இன்றும் காட்டுவார்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த அடர்நீலம், பாடகியின் பெயரையே வாங்கிக்கொண்டது. இதை டிஃபனி நீலத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த நகைக் கம்பெனி 1998இல் அந்த நிறத்துக்கு வணிகக்குறி வாங்கியது. பான்டோன் அதற்கென்று தனியாக ஒரு எண் வைத்திருக்கிறது, கம்பெனி தொடங்கிய வருடமான 1837. கடைக்குப் போய் வாங்கும் பான்டோன் விசிறியில் அது இருக்காது. எம்.எஸ். ப்ளூவுக்குக் காவலாளி இல்லை. காஞ்சிபுரத்தில் ஒருவர் நெய்யும் எம்.எஸ். ப்ளூவும் இங்கே ஒருவர் விற்கும் எம்.எஸ். ப்ளூவும் ஒன்றாக இருக்காது, அதற்காக யாரும் வழக்குப் போடவும் இல்லை. அது சொல்லாகவே இருக்கிறது. ஆனால் எந்த மென்பொருளின் பலகையிலும் அது கிடையாது.

பலகையில் என்ன இருக்கிறது? இணைய உலாவிகளும் எஸ்.வி.ஜி. கோப்புகளும் புரிந்துகொள்ளும் நிறப்பெயர்கள் மொத்தம் 148. அவற்றில் பெரும்பகுதி எண்பதுகளில் எக்ஸ் விண்டோ என்ற அமைப்புக்காகச் சிலர் தொகுத்த பட்டியலிலிருந்து வந்தவை. அதில் பப்பாளிக் கூழ் இருக்கிறது, பீச் பழத்தோல் இருக்கிறது, பெரு என்ற நாடு இருக்கிறது. நமக்கும் ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள்: 'இண்டியன்ரெட்'. 205, 92, 92. இந்தியச் செம்மண் சாயத்தின் பெயரில் வந்தது. இதே பெயரில் கிரேயோலாவும் ஒரு கிரேயான் விற்றது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் தோல் நிறத்தைச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் என ஆசிரியர்கள் முறையிட, 1999இல் பெயரை மாற்றினார்கள். என்னவாக? கஷ்கொட்டை! மறுபடி கஷ்கொட்டை. இணையப் பட்டியலில் மட்டும் இண்டியன்ரெட் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பட்டியல் கல்வெட்டு இல்லை, அதில் சேர்க்கவும் முடியும். 148ஆவது பெயர் 2014இல்தான் சேர்ந்தது: ரெபெக்காபர்ப்பிள். இணைய நடைத்தாள்களைப் பற்றிப் பல வருடம் எழுதி எல்லாருக்கும் கற்றுக்கொடுத்த எரிக் மேயரின் மகள் ரெபெக்கா ஆறு வயதில் இறந்தபோது, அவளுக்குப் பிடித்த ஊதாவுக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். 102, 51, 153. கம்பெனி ஒன்றும் அதை விற்கவில்லை. ஒரு கூட்டம் துக்கப்பட்டது, ஒரு பெயர் உலகத்தின் எல்லா உலாவிக்குள்ளும் போனது. ஜப்பான்காரர்கள் இதை அரசு வழியாகவே செய்தார்கள். அவர்களுடைய தொழில் தரநிலையில் 269 நிறப்பெயர்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் மரபான ஜப்பானியப் பெயர்கள். நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் பட்டிமன்றம் நடத்தினோம் என்று சொல்லலாம்.

பெயர் வைக்காதவன் வேறொருவன் வைத்த பெயருக்குள்தான் குடியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டுமா? தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் பினாங்கின் எந்தப் பேரங்காடிக்கு வேண்டுமானாலும் போங்கள். ஊதா, ரோஜா, தங்கம். மேலே ஒரு மயில், கீழே ஒரு கோலம். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை என்று முடிவாகிவிட்ட பிறகு மிச்சமிருந்த ஊதாவை நமக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆயத்தமாக இறக்கிக்கொள்ளும் 'இந்திய நிறத்தொகுப்பு'களைத் தேடினாலும் இதே கூட்டணிதான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் கூட்டத்தைப் பார்த்தவன் யாராவது நம் நிறம் ஊதா என்பானா? அங்கே இருப்பது மஞ்சள். அதிலும் ஒரு மஞ்சள் இல்லை. புதுத்துணி மஞ்சள், மூன்று வருடம் துவைத்த மஞ்சள், வியர்வையில் நனைந்த மஞ்சள், பால்குடத்தில் கட்டிய கிழங்கு மஞ்சள்.

பேரங்காடிக்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. நம் ஆட்கள் செய்வது அதைவிட மோசம். இலக்கிய நிகழ்ச்சிச் சுவரொட்டி என்றால் 'ஐந்திணை வண்ணங்கள்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. குறிஞ்சிக்கு ஊதா, முல்லைக்குப் பச்சை, நெய்தலுக்கு நீலம் என்று ஐந்து பட்டை. பாலைக்கு மணல் நிறமாம். வறண்டுபோன முல்லையும் குறிஞ்சியும்தான் பாலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வறட்சி இந்தப் பட்டையில் எங்கே இருக்கிறது? அராபியப் பாலைவனப் படத்திலிருந்து உறிஞ்சுகுழல் வைத்து எடுத்த மஞ்சள் அது. பெயர் மட்டும் சங்ககாலம், நிறம் முழுக்க ஸ்டாக் ஃபோட்டோ.

இன்னொரு நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மாநிறம். இப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, கல்யாண விளம்பரத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அங்கும் ஒரு மன்னிப்புக் கேட்கும் தொனியில். மலாயில் ஹித்தாம் மானிஸ் என்பார்கள், இனிப்பான கறுப்பு என்று. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. கிரேயோலா 1962 வரை பீச் நிறத்தைச் 'சதை' என்றே விற்றது, பிறகு வெட்கப்பட்டு மாற்றியது. நம் அட்டைகளில் இன்னும் வெட்கம் வரவில்லை. தோட்டப்புறத்துப் பால்மரம் வெட்டும் பெண்ணைப் பற்றிய நாவல். அட்டையில் இருக்கும் பெண் பீச் நிறத்தில் இருக்கிறாள். வரைந்தவர் வேண்டுமென்று செய்யவில்லை. பலகையில் தயாராக இருந்த சதுரத்தைத் தொட்டார். மாநிறம் என்று ஒரு சதுரம், அதற்குப் பக்கத்தில் அட்டக்கறுப்பு என்று ஒரு சதுரம் அங்கே இருந்திருந்தால் கை அங்கே போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம், அது வேறு நோய். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற சாக்கு இருந்திருக்காது.

எண் போதுமே, பெயர் எதற்கு என்பார்கள் என் தொழிற்சாலை நண்பர்கள். எண் இயந்திரத்துக்குப் போதும். நாங்கள் தினமும் கையாளும் மின்தடைகளில் நிறமே எண்ணாக இருக்கிறது: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. உலகம் முழுக்க ஒரே பட்டியல், அதைப் படிப்பதற்கு யாருக்கும் மாதச் சந்தா கட்டுவதில்லை. பொதுச்சொத்தாக ஒரு நிறப்பட்டியல் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் ஏதாவது ஒரு பழைய ரேடியோவைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் மனிதர்கள் நினைவில் வைத்திருப்பது பெயர்களைத்தான். 5 என்றால் பச்சை என்றுதான் மனம் சொல்கிறதே தவிர அலைநீளத்தைச் சொல்வதில்லை.

அடுத்து அச்சுக்காரர்களின் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. லாரன்ஸ் ஹெர்பர்ட் 1963இல் பான்டோன் முறையைக் கொண்டுவந்தபோது தீர்த்து வைத்த பிரச்சினை உண்மையானது. திரையில் தெரியும் நிறம் வேறு, தாளில் விழும் நிறம் வேறு. திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியை விழுங்குகிறது. பளபளக்கும் நீலங்களும் பச்சைகளும் நான்கு வண்ண அச்சில் செத்து விழும். அச்சிட்ட விசிறியைக் கையில் பிடித்து, இந்த எண்ணுக்கு இந்த மைக்கலவை என்று பினாங்கிலும் சிவகாசியிலும் ஒரே பேச்சு பேச முடிவது பெரிய வசதி. ஒரு வங்கிக்கோ விமானக் கம்பெனிக்கோ அது தேவை, கட்டட்டும். ஆனால் முந்நூறு பிரதி அச்சடிக்கும் தமிழ்க் கவிதைத் தொகுப்பு தனி மையில் அச்சாவதே இல்லை, நான்கு வண்ணத்தில்தான் அச்சாகிறது. அதற்குத் தேவை பான்டோன் இல்லை. 'அரக்கு' என்ற பெயர், அதன் நான்கு மை அளவுகள், முதல் பதிப்பின் அட்டை ஒன்று. இந்த மூன்றையும் ஒரு உறையில் போட்டு வைக்காத பதிப்பாளர், எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைத் தொலைத்த பதிப்பாளருக்குச் சமம். கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் அந்தக் கவிஞரிடம் கேட்டுப் பாருங்கள்.

செய்வது கஷ்டமா என்றால், வெட்கப்படும் அளவுக்குச் சுலபம். இங்க்ஸ்கேப், ஜிம்ப், கிரிட்டா மூன்றும் இலவச மென்பொருள்கள். மூன்றும் ஜி.பி.எல். என்று முடியும் ஒரு நிறப்பட்டியல் கோப்பைப் படிக்கும். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். முதல் வரியில் இது ஜிம்ப் பட்டியல் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு, அடுத்து தொகுப்பின் பெயர். அதற்குப் பிறகு வரிக்கு ஒரு நிறம்: மூன்று எண், பக்கத்தில் பெயர். பெயரைத் தமிழில் எழுதி யூனிகோடில் சேமித்தால் போதும். சதுரத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் 'செங்காவி' என்று தமிழில் தெரியும். முதல்தடவை பார்த்தபோது எனக்கு லேசாக மயிர்க்கூச்செறிந்தது, சிரிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டியலிலிருந்து நிறத்தை எடுத்தால் எண் மட்டும்தான் படத்துக்குள் போகும். ஆவணத்துக்குள் அதை ஸ்வாட்சாக்கிப் பெயரிட்டால்தான் ஒன்றை மாற்ற எல்லாம் மாறும். இல்லஸ்ட்ரேட்டர் இந்தக் கோப்பை நேரடியாகப் படிக்காது. அதன் சொந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இது சி.எம்.ஒய்.கே. அளவுகளையும் வைத்துக்கொள்ளாது, அதைப் பக்கத்தில் தனியாக எழுதிவைக்க வேண்டும். குறைகள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியோடு சண்டை போட்டாலும் இந்தக் கோப்பு கறுத்துப்போகாது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மயில்கழுத்துக்கு எண் என்ன? பட்டுப்புடவையில் அது ஒரு நிறமே இல்லை. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். புடவையைத் திருப்பும்போது நீலம் பச்சையாகிறது, பச்சை நீலமாகிறது. நம் புடவைப் பெயர்களில் பாதி இப்படி அசைந்துகொண்டே இருப்பவை. ஒரு சதுரத்துக்கு மூன்று எண் என்ற கணக்கில் அது அடங்காது. 'ஆகவே நம் நிறங்கள் கணினிக்கு அப்பாற்பட்டவை' என்று பெருமையோடு முடித்துக்கொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கணினிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிச் சொல்லித்தான் தமிழ் எழுத்துருவையே இருபது வருடம் சீரழித்தோம். இங்க்ஸ்கேப் தன் ஸ்வாட்சைக் கோப்புக்குள் எப்படி எழுதிவைக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: ஒரே ஒரு நிறுத்தம் உள்ள நிறச்சரிவாக. இரண்டாவது நிறுத்தம் ஒன்றைச் சேர்த்தால் பாவும் ஊடையும் உள்ளே வந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரிலும் சரிவை ஸ்வாட்சாக வைக்கலாம். கருவி தடுக்கவில்லை.

போன தீபாவளிக்குப் பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கோப்பைத் தொடங்கினோம். இப்போது அதில் அறுபத்தொரு பெயர் இருக்கிறது. கடைத்தெருப் பெயர்களை முதலில் சேர்த்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணித்துண்டைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து. 'ஊதா'வில் முதல் சண்டை வந்தது; எங்களில் ஒருவரின் அம்மாவுக்கு ஊதா என்றால் பேனா மை நீலம், மற்றவர்களுக்குக் கத்தரிப்பூ. இரண்டையும் ஊர் அடைமொழியோடு போட்டிருக்கிறோம். பிறகு இங்கத்திய நிறங்கள். தே தாரிக் இருக்கிறது. நுரை தனி, தேநீர் தனி. காய்ந்த அஸாம் கெலுகோர் இருக்கிறது. எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த புளிப்புக்காய், வெயிலில் போட்டு எடுத்தால் ஒரு கரும்பழுப்பு, அதற்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. மயில்கழுத்து இரண்டு வரியாக இருக்கிறது, 'மயில்கழுத்து பாவு', 'மயில்கழுத்து ஊடை' என்று. தோல் நிறத்துக்கு மாநிறம் தொடங்கி அட்டக்கறுப்பு வரை ஏழு வரி. நால்வரும் கையை நீட்டி எடுத்தது. எம்.எஸ். ப்ளூவுக்கு எந்தப் புடவையை அளப்பது என்று இன்னும் பேச்சு நடக்கிறது. நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றும் கூவா சம்போரின் நிறத்துக்கு மூன்று பேர் மூன்று கடையிலிருந்து மூன்று எண் கொண்டுவந்தார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றும் கோப்பில் இருக்கின்றன.